அண்ணியோடு மாலத்தீவில்

என் அண்ணன் மகன் மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டுக் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையில் அப்ரண்டிஸாக இருந்தான். பிறகு கோயம்புத்தூரில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. அங்கே பழக்கமான ஒருவர் சொல்லித்தான் தீவுக்குப் போனான். ஊழியர்களின் வீட்டார் வந்து தங்குவதற்கு, கூட்டம் குறைந்த மாதங்களில் சலுகை விலையில் அறை கொடுப்பது அங்கே பல ரிசார்ட்டுகளில் உண்டு. அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் அவரும் அண்ணியும் போயிருப்பார்கள். அவர் போய்ச் சேர்ந்த மறு வருடம், "அத்தையக் கூட்டிக்கிட்டு வந்துடும்மா" என்று அவன் சொல்ல, அண்ணி நேரே என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். "நீ வந்தா நான் வரேன். இல்லன்னா கரும்பப் பாத்துக்கிட்டு இங்கியே இருக்கறேன்."

நான் யோசிக்கவே இல்லை. புவியியல் ஆசிரியை நான். பவளத்தீவு எப்படி உருவாகிறது என்று கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டியே பணிக்காலம் ஓடியது. கடலுக்குள்ளிருந்து எழும்பிய எரிமலை மெல்ல அமிழ்கிறது. அதன் விளிம்பில் பிடித்த பவளம் மட்டும் வெளிச்சத்தைத் தேடி மேலே வளர்ந்துகொண்டே வருகிறது. மலை முழுகிய இடத்தில் ஒரு வளையம் மிஞ்சுகிறது. டார்வின் 1842-இல் எழுதிய விளக்கம் இது. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. எங்கள் வகுப்பறை ஜன்னல் வழியாகத் தெரிவது கல்வராயன் மலை. அந்த மலை தண்ணீரில் முழுகுவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்ப்பார்கள். நான் வரைந்த வட்டத்தை ஒரு தடவையாவது மேலிருந்து பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்குள் கிடந்தது.

இந்தியர்களுக்கு அங்கே போய் இறங்கியதும் விசா இலவசம். புறப்படுவதற்கு முன்பு செல்போனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதை அவனே செய்துவிட்டான். மது, பன்றி இறைச்சி, பூசைக்கான சாமி சிலை கொண்டுவரக் கூடாது என்று போனில் இரண்டு தடவை சொன்னான். அண்ணி பையிலிருந்த சின்னப் பிள்ளையாரை எடுத்து மாடத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அந்த இடத்தில் எள்ளுருண்டை டப்பாவை வைத்தார்.

பெங்களூரிலிருந்து மாலேக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். விமான நிலையமே ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. ஓடுபாதையின் இரு பக்கமும் கடல். அங்கிருந்து எங்கள் தீவு வடக்கே ராஅ பவளவளையத்தில். அதற்குக் கடல்விமானத்தில் போக வேண்டும். ட்வின் ஓட்டர் என்ற சின்ன விமானம், பதினைந்து பேர் உட்காரலாம். சக்கரம் இருக்கும் இடத்தில் இரண்டு மிதவைகள். பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். விமானிகள் அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாக வந்து ஏறினார்கள். "செருப்பக் கழட்டி வெச்சிட்டுத்தான் வண்டிய எடுக்கறாங்க" என்று அண்ணி மெச்சிக்கொண்டார். எங்கள் ஊரில் புது டிராக்டரில் முதல் தடவை ஏறும்போது அண்ணனும் அப்படித்தான் ஏறுவார்.

மேலே எழும்பியதும் இன்ஜின் சத்தத்தில் பேச்சு எதுவும் கேட்கவில்லை. நான் ஜன்னலில் முகத்தை வைத்தவள்தான், எடுக்கவில்லை. கருநீலக் கடலில் வெளிர்ப்பச்சை வளையங்கள். ஒரு வளையத்துக்குள் சின்னச் சின்ன வளையங்கள். சிலவற்றில் மட்டும் ஓரமாக ஒரு பிடி மணலும் பத்துத் தென்னையும். தண்ணீரின் நிறத்தை வைத்தே ஆழம் சொல்லலாம்: பால் கலந்த பச்சை இடுப்பளவு, அடர்பச்சை இரண்டு ஆள் ஆழம், அதற்கப்பால் சட்டென்று நீலம் கறுத்து விழுகிறது. அந்த விளிம்புதான் நான் சாக்பீஸால் இழுத்த கோடு. ராஜராஜ சோழன் வென்றதாகக் கல்வெட்டுகள் சொல்லும் பழந்தீவுகள் இவையே என்று வரலாற்று ஆசிரியர்கள் கொள்கிறார்கள். ஏறத்தாழ 1,190 தீவுகள், அவற்றில் சனங்கள் குடியிருப்பவை 200க்குள். மொத்த மக்கள் தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம். எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பாதிகூட இல்லை.

இறங்கிய இடத்தில் என் மருமகன் நின்றிருந்தான். எங்கள் பக்கத்தில் அண்ணன் மகனை மருமகன் என்றுதான் சொல்வோம். சீருடையில் இருந்ததால் ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. மற்ற விருந்தினருக்குச் சொன்ன மாதிரியே எங்களுக்கும் நெஞ்சில் கை வைத்து வரவேற்புச் சொல்லிவிட்டு, அவர்கள் வண்டி நகர்ந்த பிறகுதான் "அம்மா" என்றான். அண்ணி அவன் கன்னத்தைத் தடவி, "எளச்சிட்ட" என்றார். அவன் இளைக்கவில்லை.

எங்களுக்குக் கொடுத்தது தண்ணீரின் மேல் கட்டிய வீடு. கரையிலிருந்து நீளமான மரப்பாலம் கடலுக்குள் போகிறது. அதன் இரு பக்கமும் கால்கள் நட்டு, தென்னங்கூரை போல வேய்ந்த வீடுகள். ஒவ்வொன்றும் நம் ஊர்க் கல்யாண மண்டபத்து மணமகள் அறையைப் போல நாலு மடங்கு. படுக்கை அறையில் தரையின் ஒரு பகுதி கண்ணாடி. கீழே தெளிந்த தண்ணீரில் கோடு போட்ட மீன்கள் போகின்றன. பின்கதவைத் திறந்தால் படி நேரே கடலில் இறங்குகிறது. ராத்திரி விளக்கை அணைத்தால் தரைக்கடியில் அலை மரக்கால்களைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதில்லை. காலையில் எழுந்து கதவைத் திறந்தால் கடல் வாசலில் நிற்கிறது, கோலம் போட இடமில்லாமல். இவ்வளவு அழகை அனுபவிக்கத் தகுதி வேண்டுமோ என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. வாழ்நாள் முழுக்க உழைத்த இரண்டு பெண்கள், ஒரு பிள்ளையின் சம்பாத்தியத்தில், காலை நீட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்தோம். மனசு நிறைந்திருந்தது.

வெளியாட்களுக்கு அந்த வீட்டின் ஓர் இரவு வாடகை, வெட்டுக்கூலியும் உரமும் போக ஓர் ஏக்கர் கரும்பில் அண்ணிக்கு மிஞ்சுவதைவிட அதிகம். அதை மருமகன் தயங்கித்தான் சொன்னான். அண்ணி அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தானோ என்னவோ. அவர் கேட்டது வேறு. குளியலறையில் ஆள் படுத்துக்கொள்ளும் பெரிய வெள்ளைத் தொட்டி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுல எத்தன கொடம் புடிக்கும்? எந்தக் கெணத்துலேர்ந்து வருது?" என்றார்.

அந்தக் கேள்வியால்தான் நாங்கள் தீவின் மறுபாதியைப் பார்த்தோம்.

விருந்தினர் நடக்கும் பாதைகள் எல்லாம் வெள்ளை மணல். செருப்புப் போடத் தேவையில்லை. தீவின் நடுவில் தாழையும் பூவரசும் அடர்ந்த ஒரு வேலி இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் காடு என்றுதான் தோன்றும். அதற்குள் ஒரு வளைவு, ஒரு இரும்புக் கதவு. அப்பால் சிமென்ட் தரை, டீசல் வாசனை, துணி காயும் கொடிகள், ஒரு சின்னப் பள்ளிவாசல், கைப்பந்து மைதானம், ஊழியர் குடியிருப்பு. ஊழியர்கள் அதைப் பேக் ஏரியா என்கிறார்கள். மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துத்தான் எங்களைக் கூட்டிப் போனான்.

முதலில் ஜெனரேட்டர் அறை. காதில் பஞ்சு போலொன்றைச் சொருகிக்கொள்ளச் சொன்னான். பக்கத்தில் அவனுடைய அறை: கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. நீளமான வெள்ளைக் குழாய்கள் அடுக்கடுக்காகப் படுத்திருந்தன. அவன் குரலே மாறிவிட்டது. வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பையன். "அத்தை, கடல்தண்ணிய இந்தப் பம்பு 60 பாருக்கு மேல அழுத்தும். லாரி டயர்ல இருக்கற காத்த விட எட்டு மடங்கு. இந்தக் குழாய்க்குள்ள சவ்வு சுருட்டி வெச்சிருக்கு. அந்த அழுத்தத்துல தண்ணி மட்டும் கசிஞ்சு உள்ள போகும், உப்பு வெளியவே நின்னுடும். பத்து லிட்டர் போனா நல்ல தண்ணி நாலு லிட்டர் கெடைக்கும். மிச்சம் உப்பு கூடிப்போயி கடலுக்கே திரும்பும்."

ஒரு குழாயைத் திறந்து தம்ளரில் பிடித்துக் கொடுத்தான். அண்ணி அண்ணாந்து குடித்துவிட்டு, "சப்புன்னு இருக்கே" என்றார். தாது உப்புகளைப் பிறகுதான் கலப்பார்களாம். சுவரோரம் மேசையில் ஒரு பெரிய பதிவேடு. மணிக்கு ஒரு தடவை அழுத்தம், வெப்பம், உப்பின் அளவு எல்லாம் குறிக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக் கட்டங்களில் அவன் கையெழுத்து இருந்தது. பத்தாம் வகுப்பில் நான் எத்தனையோ தடவை திருத்தியும் திருந்தாத அதே சாய்ந்த கையெழுத்து. அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த ஏட்டில் ஒரு கட்டம் வெறுமையாக விட்டால் காலையில் மேலதிகாரி கேட்பார். ஒரு நாள் ஆலை நின்றால் தீவே நின்றுவிடும்.

அது வெறும் பேச்சில்லை. 2014 டிசம்பரில் மாலே நகரத்துக் குடிநீர் ஆலையில் தீப்பிடித்து, லட்சம் பேருக்கு மேல் இருந்த தலைநகரம் முழுக்கக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனது. இந்திய விமானப்படை விமானங்களும் கடற்படைக் கப்பல்களும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தன. முன்பெல்லாம் அந்தத் தீவுகளில் கிணறு உண்டு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய ஏடாக மிதந்துகொண்டிருக்கும். அதை அளவாக மொண்டு குடித்துத்தான் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். ஆள் பெருகி, மோட்டார் போட்டு உறிஞ்சியதும் ஏடு கிழிந்து அடியிலிருந்து உப்பு ஏறிவிட்டது. இதைப் பாடத்தில் படித்திருக்கிறேன். அந்தச் சப்பென்ற தண்ணீரைக் குடித்த பிறகுதான் உடம்பில் உறைத்தது.

அண்ணி அதன் பிறகு தொட்டியை நிரப்பவே இல்லை. ஷவரைத் திறப்பார், உடம்பு நனைந்ததும் மூடுவார், சோப்புப் போட்டு மறுபடி திறப்பார். கோமுகி அணை நிரம்பாத வருடங்களில் வாய்க்கால் கடைமடையில் கரும்பு காய்வதைப் பார்த்த கண் அது. 46 அடி அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பது எங்கள் ஊரில் ஆடி பிறந்ததும் எல்லோர் வாயிலும் இருக்கும் பேச்சு.

குடிநீர் ஆலைக்கு அடுத்தாற்போல் குப்பைக் கூடம். அதைச் சொல்லியே ஆக வேண்டும். புட்டிகளைப் பொடியாக்கும் இயந்திரம், தகர டப்பாக்களை அழுத்திக் கட்டும் இயந்திரம், எரிப்பதற்கு ஓர் உலை. இவை இல்லாமல் ரிசார்ட் நடத்த அந்நாட்டு விதிகள் அனுமதிப்பதில்லை. வங்கதேசத்துப் பையன்கள் இரண்டு பேர் கையுறையோடு குப்பையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எரித்த சாம்பலும் கட்டிய தகரமும் படகில் ஏறிப் போகும். போகும் இடம் எல்லாவற்றுக்கும் நல்லதென்று சொல்ல முடியாது. மாலேக்குப் பக்கத்தில் திலாஃபுஷி என்ற தீவே குப்பை கொட்டி உருவான தீவு. அதன் புகையைப் பற்றி அந்நாட்டுப் பத்திரிகைகளே நிறைய எழுதியிருக்கின்றன. ஆனாலும் நாங்கள் தங்கிய தீவில் நடைபாதையில் ஒரு மிட்டாய்த் தாள் கண்ணில் படவில்லை. விடியற்காலையில் கடற்கரை மணலை வாரியால் கோடு கோடாக இழுத்து விடுபவர்களை நான் பார்த்தேன். விருந்தினர் எழுந்து வருவதற்குள் அவர்கள் வேலிக்குப் பின்னால் போய்விடுவார்கள்.

சரக்குப் படகு வரும் நாளில் மருமகன் எங்களைத் துறைக்குக் கூப்பிட்டான். அந்தத் தீவில் தென்னையும் கொஞ்சம் கீரையும் தவிர எதுவும் விளையாது. அடியில் இருப்பது அரைபட்ட பவளம், மண் இல்லை. அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, பால், கட்டடத்துக்கு ஜல்லி, மணல் வரைக்கும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். இவற்றில் பல இந்தியாவிலிருந்து போகின்றன. தூத்துக்குடியிலிருந்து மாலேக்குத் தோணி போவது பல தலைமுறைப் பழக்கம். படகிலிருந்து அட்டைப்பெட்டிகளைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். முட்டை அட்டைகள் இருந்த ஒரு பெட்டியின் பக்கவாட்டில் நாமக்கல் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. மருமகன் அண்ணிக்குப் படித்துச் சொன்னான்.

அண்ணி அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்தபடி சற்று நேரம் நின்றார். கரும்பு போக மீதி நிலத்தில் அவர் போடுவது மக்காச்சோளம். அறுத்து, அடித்து, தார்ச்சாலையில் காயவைத்து மூட்டை பிடித்ததும் வியாபாரி லாரியில் நாமக்கல்லுக்கு ஏற்றிப் போவார், கோழித் தீவனத்துக்கு. "அப்ப நம்ம சோளம் எனக்கு முன்னாலியே இங்க வந்துட்டுதா?" என்றார். சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் பேச்சு புரியவில்லை. ஆனால் ஒருவர் மட்டும் சிரித்தார். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. "நீங்க எந்த ஊர் அம்மா?" என்று கேட்டார். கள்ளக்குறிச்சி என்றதும், தன்னுடைய பூட்டனார் சேலம் பக்கமிருந்து போனவர் என்று கேள்விப்பட்டிருப்பதாகவும், ஊர்ப்பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாதென்றும் சொன்னார். சேலத்திலிருந்தும் தென்னார்க்காட்டிலிருந்தும் தோட்ட வேலைக்குக் கங்காணிகள் ஆள் கூட்டிப் போன காலம் அது. அண்ணி எள்ளுருண்டை டப்பாவை மறுநாள் அவரிடம் கொடுத்துவிட்டார். சொந்த மகனுக்கு நாலு மட்டும் எடுத்து வைத்திருந்தார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலகத்துப் பண்டம் எல்லாம் வரிசையில் இருந்தது, தோசைக்கல் உட்பட. எனக்குப் பிடித்தது அந்த மண்ணின் காலை உணவு: சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு தருகிறார்கள். மஸ் ஹுனி என்று பெயர். நான் நாள் தவறாமல் சாப்பிட்டேன். அண்ணி புதன், வெள்ளி கவிச்சி தொடமாட்டார். அதை ஒரு தடவை சொன்னதும் சமையற்காரர் குறித்துக்கொண்டு, பிறகு அவராகவே கேட்டுப் பரிமாறினார்.

கடலுக்குள் இறங்கியதைச் சொல்கிறேன். மிதவை அங்கி போட்டு, முகத்தில் கண்ணாடி மாட்டி, மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்த அந்த விநாடியில் மேலே இருக்கும் உலகத்தின் சத்தம் முழுக்க நின்றது. அதற்குப் பதிலாக ஒரு நறநறவென்ற ஒலி. சுற்றிலும் பார்த்தேன். பச்சையும் ஊதாவுமாகக் கிளிமீன்கள் பவளப்பாறையைக் கடித்துக்கொண்டிருந்தன. அலகு போன்ற பல்லால் பாறையைக் கரம்பி, அதில் படிந்த பாசியைத் தின்று, அரைத்த சுண்ணாம்பை வெள்ளைத் தூளாகக் கழித்துவிட்டுப் போகின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஒரு மீன் அப்படி ஒரு புகைக்கோடு விட்டுச் சென்றது. மெதுவாகத் தரையில் படிந்தது. கரையில் வாரியால் கோடு இழுத்தார்களே, அந்த மணல் பெரும்பாலும் இந்த மீன்கள் அரைத்த மணல்தான்.

பாறைகளில் கால்வாசி உயிரோடு இருந்தால் அதிகம். மற்றவை சாம்பல் நிறத்தில், பாசி பிடித்து, உடைந்து கிடந்தன. கடல் சூடேறினால் பவளம் தன் உடம்பிலிருக்கும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும், சூடு தணியாவிட்டால் செத்துவிடும். மாலத்தீவில் 1998-இலும் 2016-இலும் அப்படிப் பெருமளவில் வெளுத்தது. அந்தத் தீவுகளின் சராசரி உயரம் கடல்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர். 2009 அக்டோபரில் அதிபர் முகமது நஷீத் தன் அமைச்சர்களோடு கடலடியில் மேசை போட்டு அமைச்சரவைக் கூட்டம் நடத்தினார். அந்தப் படத்தை நான் நாளிதழிலிருந்து வெட்டி வகுப்பில் ஒட்டியிருந்தேன். அந்தத் தீவுகளுக்கு அலையைத் தடுக்கும் இயற்கை அரண் இந்தப் பவளமதில். இரும்புக் கம்பிச் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் வளர்க்கிறார்கள். ரிசார்ட்டில் அதற்கென்று ஒரு கடல் உயிரியல் படித்த பெண் இருந்தார். நட்டு வைத்த பவளம் வருடத்துக்குச் சில அங்குலம் வளர்வதைக் காட்டி அவர் பேசியபோது, நாற்றங்காலைக் காட்டும் விவசாயியின் முகம் அவருக்கு.

இந்தத் தீவுகளில் ரிசார்ட் தொழில் 1972-இல் தொடங்கியது. ஓர் இத்தாலியப் பயண ஏற்பாட்டாளர் வந்து பார்த்துப்போன பிறகு, மாலேக்குப் பக்கத்தில் ஆளில்லாத தென்னந்தீவு ஒன்றில் பவளக்கல்லும் ஓலையும் வைத்துக் குரும்பா என்ற முதல் ரிசார்ட்டைக் கட்டினார்கள். ஆளில்லாத தீவு ஒன்றுக்கு ஒரு விடுதி என்பதே அரசின் கொள்கை. கட்டடம் தென்னை உயரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். சனங்கள் வாழும் தீவுகளில் 2009 வரை நெடுங்காலம் விடுதி நடத்த விடவில்லை. அதனால் பணம் பல வருடம் பெருமுதலாளிகள் கையிலேயே சுற்றியது என்ற குறை உண்டு. அது நியாயமான குறை. பிறகுதான் சாதாரணக் குடும்பங்கள் வீட்டின் மாடியில் இரண்டு அறை கட்டி விருந்தினரை வைக்கத் தொடங்கின. ரிசார்ட்டுகளில் 2015 முதல் தலைக்கு ஓர் இரவுக்கு 6 டாலர் பசுமை வரி, 2025 முதல் 12 டாலர். 2024-இல் வந்த பயணிகள் 20 லட்சத்துக்கு மேல். விருந்தினர் பில்லில் சேரும் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் ஊழியர்களுக்குப் பங்காகிறது. மருமகன் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் அது கணிசமான பகுதி. அண்ணன் மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடன் அதில்தான் அடைந்தது.

ராத்திரிகளில் மரப்படியில் உட்கார்ந்து அண்ணியும் நானும் ஊர்க்கதைதான் பேசினோம். எனக்கு மலை ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. என் முதல் வேலை வெள்ளிமலைப் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளியில். கல்வராயன் மலை 1976-இல்தான் ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து முழுதாக விடுபட்டது. நான் போன காலத்தில் சாலை, பாதி மண் பாதி கல். மாலை நாலு மணிக்கு மேல் மேகம் இறங்கி வகுப்பறைக்குள்ளேயே வரும். பிள்ளைகள் விடுமுறை முடிந்து வரும்போது மடியில் கடுக்காயும் சாமைப் பொரியும் பலாக்கொட்டையும் கொண்டுவருவார்கள். கோமுகியும் மணிமுத்தாறும் பிறக்கும் மலை அது. பாறையிடுக்கில் மூங்கில் தப்பையைச் செருகி ஊற்றுநீரைப் பிடிப்பார்கள். அந்த நீருக்கு ஒரு ருசி உண்டு, மோட்டாரும் வேண்டாம், சவ்வும் வேண்டாம்.

அப்படிப்பட்ட மலையில் பிறந்தவர்கள் குடகுக் காப்பித் தோட்டத்துக்கும், கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும், திருப்பூருக்கும் குடும்பத்தோடு வேலைக்குப் போகிறார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் அப்படிப் போனவர்களின் பிள்ளைகள். பெற்றோர் வரும்வரை பள்ளிதான் வீடு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, பேருந்து, மருத்துவமனை என்று அங்கே பட்டியல் படிக்கப்பட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் மலையில் பேசிய அதே பட்டியல்.

தீவிலிருந்து திரும்பிய சில வாரங்களில் மேகம் அருவிக்குப் போனேன், பழைய மாணவி ஒருத்தியின் வீட்டு வளைகாப்புக்கு மலையேறியபோது. ஞாயிற்றுக்கிழமை. பாதை ஓரத்தில் வண்டிகள் நின்ற வரிசை நீளம். குளிக்கும் இடத்துக்கு மேலேயே பிளாஸ்டிக் தட்டு, சாப்பாட்டு மிச்சம், உடைத்த மதுப்புட்டி. உடைந்த சில்லுகள் தெளிந்த தண்ணீருக்கடியில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடந்தன. அந்த ஓடைதான் கீழே இருக்கும் ஊருக்குக் குடிதண்ணீர். பிள்ளைகள் வெறுங்காலோடு இறங்கிக் குடம் முக்கும் இடம். மாணவியின் மாமியார் பாதத்தைத் திருப்பிக் காட்டினார், குதிகாலில் நீளமாக ஒரு தழும்பு. அருவிப் பாதையில் டீ விற்கும் ஒரு குடும்பத்தைத் தவிர, வந்து போகும் அத்தனை வண்டியாலும் அந்த ஊருக்கு ஒரு ரூபாய் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது, இன்னும் அடங்கவில்லை. மண்ணே இல்லாத, ஊற்றே இல்லாத ஒரு மணல்திட்டில், நம் பிள்ளை ராத்திரி மூன்று மணிக்கு விழித்திருந்து ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு எழுதுகிறான். கடலில் ஒரு புட்டி விழாமல் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் வேலிக்கு முன்னால் ஒரு வாழ்க்கை, பின்னால் ஒரு வாழ்க்கை என்பது இருக்கிறது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் தண்ணீர் தீர்ந்தால் இரண்டு வாழ்க்கையும் தீரும் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நம் மலையில் அது இன்னும் தெரியவில்லை. ஊற்று தானாக வந்துகொண்டே இருக்கும் என்று நம்புகிறோம்.

வெள்ளிமலையில் கோடை விழா நடக்கிறது. கரியாலூரில் படகு விடுகிறார்கள். தங்கும் விடுதிக்கு நிலம் பார்த்துப் போகிறவர்களின் கார்களும் மலையில் தென்படுகின்றன. வரட்டும். மலைக்கு வருமானம் வேண்டும், அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மலைப்பிள்ளை ஒருவன் தன் ஊரிலேயே சீருடை போட்டு, மாதச் சம்பளம் வாங்கி, ராத்திரி அம்மா கையால் சாப்பிட வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். எங்கள் மருமகனுக்கு அது வாய்க்கவில்லை. எனவே நிலம் பார்க்க வருகிறவர்களிடமும், அதற்கு அனுமதி கொடுக்கும் இடத்தில் இருக்கிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து எடுப்பீர்கள், கழிவு எங்கே போகும், வேலையில் எத்தனை பேர் அந்த மலைக்காரர்கள் என்பதை அந்தந்த ஊரில் சனங்களைக் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டு அஸ்திவாரம் தோண்டுங்கள். அருவிக்கு வரும் வண்டியிடம் நுழைவுக் கட்டணம் வாங்கினால், அதை அந்த ஊரின் துப்புரவுக்கும் பள்ளிக்கும் கொடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மேகம் அருவிக்கோ பெரியார் அருவிக்கோ போக நினைப்பவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான்: கொண்டுபோகும் புட்டியையும் தட்டையும் திரும்பக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மலையில் அவற்றை எடுத்துப் போக இன்னும் யாரும் வருவதில்லை.